லேசாத்தான் தொட்டேன்

ஏம்மா, இந்த சீட்டுக்கு ஆள் வருதா? வரலையா? அப்பக் கொஞ்சம் நகந்துக்க. அந்தப் பையைக் குடு, என் மடியில வச்சுக்கிறேன். காத்து மூஞ்சியில அடிக்குதுல்ல, கண்ணாடியைக் கொஞ்சம் இழுத்து விடுறேன் இரு.

அட! பிடி கையோட வந்துருச்சு பாரு. லேசாத்தான் இழுத்தேன். பழைய பஸ்ஸும்மா, தொட்டா உதிருது. சரி, இதை இப்படி ஓரமாச் சொருகி வச்சுருவோம். கண்டக்டர் பாத்தா நம்மளைத்தான் சொல்வாரு.

நீ மதுரைக்கா? நான் மண்டேலா நகர்ல எறங்கி அவனியாபுரம் போகணும். எங்க மதினி வீடு. எங்க வீட்டுக்காரர் கூடப் பொறந்த அக்கா. ஆமா, நான் ஏறும்போது போன்ல என்னமோ வரஞ்சுக்கிட்டு இருந்தியே, விரலால. பூவா? அழகாத்தான் இருந்துச்சு. ஆனா விரலால வரையாதம்மா. விரல் வச்ச எடத்தை விரலே மறைச்சுக்கும், கோடு எங்க விழுதுன்னு நமக்கே தெரியாது. இரு, ஒண்ணு காட்டுறேன்.

இதான். பாக்கப் பேனா மாதிரி இருக்கா? மை கெடையாது. மொனையில இருக்கிறது ரப்பர். போனுக்குச் சார்ஜ் போடுற மாதிரி இதுக்கும் போடணும். பெரிய கம்பெனி பேனாவெல்லாம் நம்மளால தொட முடியாது, இது சாதாரண வெலைதான். ஆனா வேலை பாத்தா அசந்துருவ. லேசா வச்சா மெல்லிசா விழும். அமுக்குனா தடிப்பா விழும். கை என்ன நெனைக்குதோ அது கோட்டுல தெரியும்.

ஒண்ணு செய்வோம். உன் மொகத்தை வரையிறேன், பாரு எப்படி வருதுன்னு. டேப்லெட் இந்தா கட்டைப்பையிலதான் இருக்கு. உன் பையி நல்ல மேசை மாதிரி இருக்கு, இது மேலயே வச்சுக்கிறேன். நீ சன்னல் பக்கம் பாத்துக்கிட்டு அப்படியே இரு. தலையை ஆட்டாத. பேச வேணாம், நான் பேசிக்கிறேன். வாயை மூடுனா எனக்குக் கை ஓடாது.

எங்க மதினி பேரு ராசாமணி. தங்கமான மனுசி. தங்கம்னு இப்பத்தான் சொல்றேன், நடுவுல ரெண்டு வருசம் அவுக பேரைச் சொன்னாலே எனக்கு ஆகாது. நான் என்ன தப்புப் பண்ணேன்னு கேளு. ஒரு ஜாக்கெட் தச்சுக் குடுத்தேன். அம்புட்டுத்தான் பண்ணேன்.

அருப்புக்கோட்டையில நான் ஆரி ஒர்க் கடை வச்சிருக்கேன். கல்யாணப் பொண்ணுக ஜாக்கெட்டுல, கையிலயும் முதுகுலயும் ஜரிகை, மணி, கல்லுன்னு ஊசி வேலை பண்ணுவாகல்ல, அது. தமயந்தி கடைன்னா ஊருல தெரியாத ஆள் இல்ல. மதினி புது வீடு கட்டிப் பால் காச்சுனாக. தம்பி வீட்டுச் சீருன்னு பட்டுச்சேலை எடுத்தோம். ஜாக்கெட்டு நான் போட்டேன். முதுகு பூராக் கல்லு. நம்ம வீட்டு ஆளு போடுறதாச்சே, கஞ்சத்தனம் பண்ணலாமா? லேசாத்தான் வச்சேன். அதைப் போட்டுக்கிட்டு அன்னைக்கு நாள் முழுக்க நாற்காலியில சாய முடியலையாம். சாஞ்சாக் குத்துதாம். பந்தி நடந்துக்கிட்டு இருக்கு, அத்தனை சொந்தக்காரவுகளும் இலை முன்னாடி உக்காந்திருக்காக. அங்க வச்சுக் கேக்குறாகம்மா: "ஏன் தமயந்தி, இது ஜாக்கெட்டா, இல்ல தேங்காத் துருவியா?"

பந்தியே சிரிச்சுச்சு. மொதல்ல சிரிச்சது யாருங்கிற? எங்க வீட்டுக்காரர்தான். பாயாசம் வாயில இருக்கும்போதே சிரிச்சாரு. நான் கையைக் கழுவிட்டு நேரா பஸ் ஏறி வந்துட்டேன். அவரு அடுத்த பஸ்ஸுல வந்தாரு, பின்னாலயே. அதோட பேச்சு நின்னுச்சு. மதினி போன் பண்ணா "தம்பி இருக்கானா?"ன்னு கேப்பாக. நான் ம்னு கூடச் சொல்ல மாட்டேன், போனை அப்படியே அவருகிட்ட நீட்டிருவேன்.

தலையை ஆட்டாதம்மா. மூக்கு வரையிறேன்.

அப்படி இருக்கும்போது மதினி மக இந்துஜாவுக்குக் கல்யாணம் முடிவாச்சு. எங்க வீட்டுக்காரர் தாய்மாமன். தாய்மாமன் சீர்த்தட்டு தூக்காம எங்க பக்கத்துல கல்யாணம் நடக்குமா? அவரு மட்டும் தனியாத் தட்டைத் தூக்கிக்கிட்டுப் போனா ஊரு என்ன கேக்கும்? அந்தப் புள்ளையைத் தோள்லயே வச்சு வளத்தவரு. என்கிட்டக் கேக்கவும் தைரியம் இல்ல. வண்டியைத் தொடைக்கிறாரு, தொடைச்ச வண்டியவே திரும்பத் தொடைக்கிறாரு. எனக்கும் பாவமாத்தான் இருந்துச்சு. ஆனா தேங்காத் துருவின்னு சொன்னது காதுல நிக்குதே.

ஒருநாள் இந்துஜாவே கடைக்கு வந்துட்டா. "அத்தை, முகூர்த்த ஜாக்கெட் நீங்கதான் போடணும். முதுகுல நானும் அவரும் மாலையும் கழுத்துமா இருக்கிற மாதிரி." இப்ப அதான ஃபேஷன், ஜோடியோட மொகத்தையே ஜாக்கெட்டுல போட்டுக்கிறது. நான் "உங்கம்மா ஒத்துக்கிட்டாகளா?"ன்னேன். "ஒத்துக்கிட்டாங்க. ஆனா மொதல்ல படமா வரைஞ்சு காட்டணுமாம். பாத்துச் சரின்னு சொன்ன பெறகுதான் துணியில ஊசி வைக்கணுமாம்."

எனக்கு எப்படி இருந்திருக்கும்! நான் போட்ட ஜாக்கெட்டுல ஊருல பாதிப் பேரு கல்யாணம் பண்ணிருக்காக, எனக்கே பரீட்சையா? முடியாதுன்னு சொல்ல வாயெடுத்தேன். அந்தப் புள்ளை என் கையைப் புடிச்சுக்கிட்டு, "அத்தை, நீங்களும் அம்மாவும் ஆளுக்கொரு பக்கம் திரும்பிக்கிட்டு இருந்தா நான் மேடையில எப்படிச் சிரிச்ச மொகமா உக்காருவேன்? இந்த ஒரு ஜாக்கெட் நல்லபடியா வந்துட்டா எல்லாம் சரியாயிரும்"ன்னா. கண்ணுல தண்ணி. சரிடின்னேன். வேற என்ன சொல்றது? அவ சொல்லாம விட்டதும் எனக்குத் தெரியும். இதுவும் கெட்டுப்போச்சுன்னா நானும் மதினியும் சாகுற வரைக்கும் அப்படியேதான்.

எனக்குத் துணியில சாக்பீஸ் வச்சு வரையத்தான் தெரியும். பேப்பர்ல வரைஞ்சு, அழிச்சு, மதுரைக்கு அனுப்பி, திரும்ப வரைஞ்சுன்னா ஆகுற கதையா? இந்துஜாதான் தன் பழைய டேப்லெட்டைக் குடுத்து, இந்தப் பேனாவையும் ஆர்டர் போட்டு என் கடைக்கு வரவச்சா. கூடவே ஒரு கையுறை. அதுல சுண்டு விரலுக்கும் பக்கத்து விரலுக்கும் மட்டும்தான் துணி இருக்கும், கை பட்டுக் கோடு விழாம இருக்க. அதை மாட்டிக்கிட்டு நான் காப்பி கொண்டு போனா எங்க வீட்டுக்காரர் பதறிப்போயி, "கையில என்னடி அடி?"ங்கிறாரு.

மொத நாள் வரைஞ்சேன் பாரு, கோடெல்லாம் வடக்கயிறு கணக்கா விழுது. இந்துஜா சொல்றா, "அத்தை, அமுக்காதீங்க. லேசா வச்சாப் போதும்." நான் லேசாத்தான்டி வச்சேன்னேன். "பச்சப்புள்ளைக்கு மை தீட்டுற மாதிரி நெனச்சுக்கங்க"ன்னா. நான் பச்சப்புள்ளைக்கு மை தீட்டுனா அது ஊரைக் கூட்டும், அது வேற விசயம். நாலு நாளுல ரப்பர் மொனை மழுங்கிப்போச்சு. டப்பாவுல கூடுதலா மொனை வச்சிருந்தான், மாத்திக்கிட்டோம். அதுவும் சீக்கிரம் மழுங்கிருச்சு. கொஞ்சம் நல்ல ரப்பராப் போட்டிருக்கலாம்.

ஆனா ஒண்ணு சொல்றேன் கேளு. ஒரு மத்தியானம், கடையில ஆள் இல்ல, சும்மா ஒரு மாங்கா வளைவு போட்டுப் பாத்தேன். மெல்லிசா ஆரம்பிச்சுச்சு, வயித்துப் பக்கம் வரும்போது தானாத் தடிச்சுச்சு, சுழிக்கிற எடத்துல திரும்ப முடி மாதிரி மெலிஞ்சு முடிஞ்சுச்சு. ஒரே இழுப்பு! எத்தனை வருசமா அதே மாங்காயைச் சாக்பீஸ்ல போடுறேன், ஒருநாளும் இப்படி வந்ததில்ல. தனியா உக்காந்து வாய்விட்டுச் சிரிச்சேன். அப்புறம் என்ன, பாக்குறதையெல்லாம் வரையிறதுதான். தண்ணிக் குடம், ஃபேனு, எங்க வீட்டுக்காரர் தூங்குறது. அவரு தூங்குறதை மட்டும் பதினஞ்சு படம் வச்சிருக்கேன், ஆடாம அசையாம இருப்பாரு. தப்பா விழுந்தா அழிக்கக்கூட வேணாம். மேல ஒரு வளைஞ்ச அம்பு இருக்கு பாரு, அதைத் தொட்டா கடைசியாப் போட்ட கோடு தானாப் போயிரும்.

அட, பள்ளம். டிரைவரு பாத்து ஓட்டக்கூடாதா? பேனா ஒரு எடத்துல அழுந்திருச்சு. பரவால்ல, நல்லாத்தான் இருக்கு.

உன் பைக்குள்ள என்னமோ நொறுங்குற சத்தம் கேட்டுச்சே, முறுக்கா? ஒண்ணும் ஆயிருக்காது.

ஜோடிப் படத்துக்கு வாரேன். மாப்பிள்ளை பேரு தினகரன், ஓசூர்ல வேலை. போட்டோ அனுப்பிருந்தா. லட்சணமான புள்ளை. மீசைதான், இருக்கா இல்லையான்னு படத்தைப் பெருசு பண்ணிப் பாக்கணும். மூச்சைப் புடிச்சுக்கிட்டு வரைஞ்சேம்மா. கண்ணு, மூக்கு, மாலையில ஒவ்வொரு பூவும், இந்துஜா நெத்திச்சுட்டி. மாப்பிள்ளை மீசைக்கு ஒரே ஒரு கீத்து, எறும்பு ஊர்ந்த மாதிரி. எனக்கே என் கைதானான்னு இருந்துச்சு. மதினிக்கு வாட்ஸப்புல அனுப்பிட்டு போனைப் பாத்துக்கிட்டே உக்காந்திருந்தேன். ரெண்டு நீலக் கோடு வந்துச்சு, பாத்துட்டாக. பதில் இல்ல. சோறு எறங்கலை எனக்கு. சாயந்தரம்போல வந்துச்சு, ஒரு கட்டைவிரல். மஞ்சக் கட்டைவிரல், அம்புட்டுத்தான், ஒரு எழுத்து இல்ல. ரெண்டு வருசத்துக்குப் பெறகு மதினி எனக்குன்னு அனுப்புனது அதான். எங்க வீட்டுக்காரர்கிட்டக் காட்டுனா அவரு அந்தப் போனை வாங்கி ரொம்ப நேரம் பாத்துக்கிட்டே இருந்தாரு, பாவம்.

அந்தச் சந்தோசத்துலதாம்மா. வேற ஒண்ணுமில்ல. படத்தைத் திரும்ப எடுத்துப் பாத்தேன். எல்லாம் நல்லா இருக்கு, மீசை மட்டும் கொஞ்சம் சோகையா இருக்கிற மாதிரி தோணுச்சு. கல்யாண மாப்பிள்ளைக்கு ஒரு களை வேணாமா? பேனாவை எடுத்து ஒரு தொடு தொட்டேன். லேசாத்தான் தொட்டேன்.

படத்தை அளவாப் பிரிண்டு போட்டு பல்கீஸ்கிட்டக் குடுத்துட்டேன். பல்கீஸு எங்க கடையில ஊசி வேலை பாக்குறவ. படத்துல என்ன இருக்கோ அதுதான் அவளுக்கு வேதம். மெல்லிசுக் கோடுன்னா ஒத்தை இழை, தடிச்ச கோடுன்னா இழை மேல இழையா நெரப்பிருவா. ஒருநாள் தலையை நிமித்தாமக் கேட்டா, "யக்கா, மாப்பிள்ளைக்கு மீசை இம்புட்டு இருக்கா?" நான் வேற ஒரு கஸ்டமரோட பேசிக்கிட்டு இருந்தேன். "படத்துல இருக்கிறபடி போடுடி"ன்னுட்டேன். போட்டுட்டா. கருப்புப் பட்டு நூலு, ஓரத்துல தங்க ஜரிகை.

முடிச்சு நிமித்திக் காட்டுனாம்மா. எங்க ஊரு எல்லையில ஐயனார் உக்காந்திருப்பாரு குதிரை மேல. அந்த மீசை. ரெண்டு பக்கமும் முறுக்கி மேல ஏறிக் கன்னத்தைத் தொடுது. இந்துஜா மொகம் பக்கத்துல பூ மாதிரி இருக்கு, அவளைக் காவல் காக்கிற மாதிரி இவரு நிக்கிறாரு.

பேனா கோளாறுதான். அமுக்குனதை விடக் கூடுதலாக் காட்டிருச்சு. வெலை கம்மிப் பொருள்ல அப்படி ஒண்ணு ரெண்டு இருக்கும், நீ வாங்குனாப் பாத்து வாங்கு.

எனக்குக் கையும் ஓடலை, காலும் ஓடலை. டேப்லெட்டுன்னா அந்த வளைஞ்ச அம்பைத் தொட்டுருவேன். துணியில அம்புக்கு எங்க போறது? பட்டுல ஊசி எறங்குன எடத்தைப் பிரிச்சா ஓட்டை ஓட்டையா நிக்கும், மீசைக்குப் பதிலா சல்லடை. பல்கீஸு, "மேல ஒரு பூவை வச்சு மறைச்சுரலாங்க்கா"ன்னா. மாப்பிள்ளை பூவைக் கடிச்சுக்கிட்டு நிக்கிற மாதிரி இருக்கும்டின்னேன். புதுசாப் போடலாம்னா அதே பட்டு வேணும், சேலையோட சேந்து நெய்த துணி அது. கடையை அடைச்சுட்டு அழுதேன். மதினி மூஞ்சிதான் கண்ணு முன்னாடி. "பாத்தியா, நான் அப்பவே சொன்னேன்"னு ஒரு வார்த்தை சொன்னாப் போதும், எங்க வீட்டுக்காரர் சாகுற வரைக்கும் அந்த வண்டியைத் தொடைச்சுக்கிட்டே இருக்க வேண்டியதுதான்.

இந்துஜா அளவு பாக்க வந்தா. போட்டுக்கிட்டுக் கண்ணாடிக்கு முதுகைக் காட்டி நின்னு, கையில இன்னொரு கண்ணாடியைப் புடிச்சுப் பாத்தா. திடீர்னு தரையில உக்காந்துட்டா. அழுகுறாளாக்கும்னு ஓடிப்போயிப் பாத்தா, சிரிக்கிறா! மூச்சு விட முடியாம, வயித்தைப் புடிச்சுக்கிட்டுச் சிரிக்கிறா. பல்கீஸு சிரிக்கிறா. எனக்கும் சிரிப்பு வருது, அழுகையும் வருது. முதுகைப் போட்டோ எடுக்கச் சொல்லி அப்படியே மாப்பிள்ளைக்கு அனுப்புனா. "அம்மாவுக்குத் தெரிய வேணாம் அத்தை, நான் பாத்துக்கிறேன்"னுட்டுப் போயிட்டா.

அவ என்ன பாத்தான்னு நெனைக்கிற? அந்த மாப்பிள்ளை, ஜாக்கெட்டுல இருக்கிற மாதிரியே மீசை வளக்க ஆரம்பிச்சுருச்சு!

சிரிக்காதம்மா, வாய் கோணிப் போகுது படத்துல.

நெசமாத்தான் சொல்றேன். கல்யாணத்துக்கு மாசக்கணக்குல நாள் இருந்துச்சு. ஓசூர்ல உக்காந்துக்கிட்டு வெளக்கெண்ணெய் தடவி வளக்குது. ஆபீசுல கேட்டதுக்கு "வேண்டுதல்"னு சொல்லுச்சாம். அப்பத்தான் மதினிகிட்டேருந்து எனக்குப் போன் வந்துச்சு. நான் வழக்கம்போல அவருகிட்ட நீட்டுறேன், அவரு, "உன்னைத்தான் கேக்குறா"ங்கிறாரு. வாங்கிக் காதுல வச்சேன்.

"தமயந்தி, இந்த மாப்பிள்ளை என்னமோ மீசை வளக்குறாராமே. வீடியோவுல பாத்தேன், எனக்குப் பயமா இருக்கு. நீ ஒரு வார்த்தை சொல்லி எடுக்கச் சொல்லேன்."

நான் என்ன சொல்லுவேன்? "ஐயையோ மதினி, இருக்கட்டும் மதினி. ஆம்பளைக்கு அதுதான அழகு. நல்ல களையா இருக்கும் மதினி"ன்னு கெஞ்சுறேன்.

"நீ சொன்னாச் சரிதான்"னுட்டு இருமுனாக. இருமுனாக, இருமுனாக, விடாம இருமுனாக. சளி போல. கசாயம் வச்சுக் குடிங்க மதினின்னேன். மொளகு தூக்கலாப் போடச் சொன்னேன். மறுநாளும் போன். மீசை எம்புட்டு வளந்துருக்குன்னு சொல்றதுக்கு. அதுக்கு மறுநாளும். அப்படியே பலகாரம், பாத்திரம், யாருக்கு என்ன சேலைன்னு பேச்சு வளந்துக்கிட்டே போச்சு. ரெண்டு வருசத்துப் பேச்சையும் ஒரே மாசத்துல பேசித் தீத்தோம். எங்க வீட்டுக்காரர் வண்டி தொடைக்கிறதை விட்டுட்டாரு.

காரியாபட்டி தாண்டிருச்சா? இன்னும் கொஞ்சம்தான், முடிச்சுருவேன். புருவத்தைத்தான் இன்னொரு தடவை தொட்டுக்கிட்டு இருக்கேன்.

கல்யாணத்தன்னைக்கு சீர்த்தட்டோட மண்டபத்துக்குள்ள நொழையிறோம். முன்னாடி எங்க வீட்டுக்காரர் பட்டு வேட்டியில, அவரு பக்கத்துல நான். வாசல்ல மதினி நிக்கிறாக. என்ன ஜாக்கெட் போட்டிருந்தாகங்கிற? அதேதாம்மா. நான் போட்ட கல்லு ஜாக்கெட்டு. தேங்காத் துருவி. வேற எத்தனையோ ஜாக்கெட் இருக்கு அவுககிட்ட, மக கல்யாணத்துக்கு அதைப் போட்டுக்கிட்டு நின்னாக. கண்ணு கலங்கிருச்சு. "வா தமயந்தி"ன்னு தட்டுல ஒரு பக்கத்தைப் புடிச்சாக.

அன்னைக்கு நாள் முழுக்க மதினி சாயவே இல்லம்மா. சம்பந்தக்காரவுக சோபாவுல உக்காந்தப்பவும் நட்டமா நிமிந்து உக்காந்திருந்தாக, ராணி மாதிரி. பாதி நேரம் நின்னுக்கிட்டே இருந்தாக. போடுற ஜாக்கெட்டு நல்லா இருந்தா ஒடம்புக்கு அப்படி ஒரு கம்பீரம் தானா வரும். ரெண்டு வருசம் கழிச்சாவது புரிஞ்சுக்கிட்டாகளேன்னு எனக்கு அம்புட்டுச் சந்தோசம்.

மாப்பிள்ளை மீசையும் நல்லாத்தான் வளந்திருந்துச்சு. மொனையில மட்டும் கொஞ்சம் பத்தலை. நான் கண்மைப் பென்சிலை எடுத்தேன். இந்துஜா, "அத்தை, நீங்க வேணாம்! பார்லர் பொண்ணு பண்ணட்டும்"னு கத்துனா. எனக்கு அலைச்சல் வேணாமேன்னு பாக்குறா, பாசக்காரப் புள்ளை.

மேடையில பாத்தா எனக்குச் சப்புன்னு போச்சு. பூ வச்ச ஜடை முதுகு பூரா தொங்குது, இம்புட்டு அகலம். ஒரு மீசை முடிகூட வெளிய தெரியலை. அத்தனை பாடும் ஜடைக்குப் பின்னாடி. ஒரு பக்கம் வருத்தம், இன்னொரு பக்கம், அப்பாடா, மதினி கண்ணுல படாதுன்னு நிம்மதி. ஆனா கெட்டிமேளம் கொட்டி, மாப்பிள்ளை தாலியைக் கழுத்துல வச்சு மொத முடிச்சைப் போட்டுட்டாரு. அடுத்த முடிச்சு நாத்தனா போடணும்ல? மாப்பிள்ளை தங்கச்சி வந்து முடிச்சுப் போட வசதியா அந்த ஜடையைத் தூக்கி முன்னாடி போட்டுட்டா! வீடியோக்காரன் கேமராவை அங்கேயே கொண்டு போறான். மண்டபத்துல பெரிய திரை வச்சிருந்தாக. திரை பூரா மீசை!

மாப்பிள்ளை திரும்பித் திரையைப் பாத்துச்சு, தன் மீசையை ஒரு முறுக்கு முறுக்குச்சு. ரெண்டும் ஒரே அச்சு! மண்டபம் இடிஞ்சு விழுற மாதிரி சிரிப்பு. நாதஸ்வரக்காரரு ஊத முடியாம சீவாளியைக் கையில எடுத்துட்டாரு. நான் எங்க வீட்டுக்காரர் முதுகுக்குப் பின்னாடி ஒளிஞ்சேன். மதினி திரும்பி என்னைத் தேடுறாக. தேடி, கையைப் புடிச்சு இழுத்து மேடைக்குக் கொண்டு போயி, சம்பந்தக்காரவுக முன்னாடி நிறுத்தி, "இவதான் எங்க தம்பி பொண்டாட்டி. எங்க வீட்டுக் கை. அவளுக்கு எதையும் லேசாப் பண்ணத் தெரியாது"ன்னாக.

எம்புட்டுப் பெரிய பாராட்டு பாரு! வேலை கெட்டியா இருக்கும், வருசக்கணக்கா நிக்கும்னு அர்த்தம். அத்தனை பேரு முன்னாடி சொன்னாகம்மா. எனக்கு நாத்தனா முடிச்சுப் போட்டதும் அவுகதான், எங்க கல்யாணத்துல. அன்னைக்கு ஞாபகம் வந்துருச்சு.

எல்லாம் முடிஞ்சு மதினி என்னை ரூமுக்குக் கூப்பிட்டாக, கொக்கியைக் கழட்டி விடுடின்னு. கழட்டுறேன், முதுகெல்லாம் புள்ளி புள்ளியாச் செவந்திருக்கு. வேர்க்குரு. மண்டபத்துல ஏசி சரியில்ல. "ஏன் மதினி சொல்லக்கூடாதா?"ன்னு எண்ணெய் எடுத்துத் தேச்சு விட்டேன். லேசாத்தான் தேச்சேன், ஐயோங்கிறாக. அப்புறம் சிரிச்சாக. ரெண்டு பேரும் அந்தக் கட்டில்ல உக்காந்து ஏன் சிரிக்கிறோம்னு தெரியாமச் சிரிச்சோம்.

இப்ப இந்துஜாவுக்கு வளைகாப்பு. அதுக்கு ஜாக்கெட் என்ன டிசைன்னு பேசத்தான் போறேன். மதினி தனக்கும் ஒண்ணு போடச் சொல்லிருக்காக. "கல்லு மட்டும் வேணாம்டி, வயசாயிருச்சு எனக்கு"ன்னாக. சரின்னேன். சும்மா ஒண்ணு ரெண்டு வச்சுக்கலாம்.

இந்தா, மண்டேலா நகர் வந்துருச்சு. படமும் முடிஞ்சுருச்சு, பாரு. எப்படி? மூக்கு அச்சு அசல் நீதான? உதட்டோரத்துல அந்தச் சிரிப்பு, பாத்தியா?

என்ன அப்படிப் பாக்குற? புருவமா? ஆமா, அந்தப் பள்ளத்துல கொஞ்சம் அழுந்திருச்சு. நீ பார்லர்ல போயி நூலு மாதிரி எடுத்துருக்க, அதான் உனக்கு வித்தியாசமாத் தெரியுது. நம்பரைச் சொல்லு, அனுப்பி விடுறேன். பையைப் புடி. முறுக்கு கொஞ்சம் ஒடஞ்சிருக்கும், ருசி எங்கயும் போகாது.

ஹோல்டான், எறங்கணும்!

வாரேம்மா. கொஞ்ச நாளைக்குப் பார்லருக்குப் போகாத, வெளக்கெண்ணெய் தடவு. வளந்துரும்.